நிலைபேறும் மீட்பும்: பனியன் நூலும் இரட்சணிய யாத்திரிகமும்

விசுவாசத்தில் இறுதிவரை நிலைத்து நிற்றல் மீட்பிற்கு இன்றியமையாதது என்பது கிறித்தவ சமயப் பிரிவினர் பலர்க்கும் ஒப்ப முடிந்ததொரு கொள்கை. அந்நிலைபேறு எவர் செயல், அதனை முன்னரே துணிதல் கூடுமோ என்னும் வினாக்களிலேயே அவர் பெரிதும் வேறுபடுவர். 1547-இல் திரெந்துச் சங்கம் அதனை இறைவன் அருளும் பெருங்கொடை எனக் கொண்டது. எனினும், தனி வெளிப்பாடு பெற்றாலன்றித் தமக்கு அக்கொடை உறுதி என எவரும் துணிந்துரைத்தல் ஆகாது என வரையறுத்தது. ஆலந்து நாட்டு டார்ட் நகரில் 1618-19-இல் கூடிய சங்கமோ, இறைவன் தெரிந்துகொண்டோர் இடையே வழுவினும் முற்றும் வீழ்ந்தொழியார் எனத் துணிந்தது.

சான் பனியன் இப் பின்னைய கொள்கையினர். 1678-இல் வெளிவந்ததும், தமிழில் ‘மோட்சப் பிரயாணம்’ என வழங்குவதுமாகிய அவர் நூலைக் கற்பார்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. வழிப்போக்கன் வீழான் என்பது முன்னரே உறுதியாயின், அவன் அஞ்சுதலும் அழுதலும் போரிடுதலும் வெறுங்கூத்தாய் முடியாவோ? இஃது அந்நூலின் இலக்கியத் தகுதியையே தொடும் வினாவாதலின் ஆராயத்தக்கது.

விடையைப் பனியனே விளக்குவோன் இல்லக் காட்சிகளுள் வைத்துள்ளார். ஆண்டுச் சுவரின் ஓரத்தே ஒரு தீ எரிகின்றது. ஒருவன் அதன்மீது ஓயாது நீரைச் சொரிகின்றான். தீயோ மேன்மேலும் ஓங்குகின்றது. சுவரின் பின்புறம் சென்று காணுங்கால், கிறித்து மறைவாக நின்று எண்ணெய் வார்த்தல் புலனாகின்றது. அதே இல்லத்தில் இருப்புக் கூண்டினுள் அடைபட்ட ஒருவனும் காட்டப்படுகின்றான். முன்னர் விசுவாசியென மதிக்கப்பெற்று, பின்னர் வழுவி, இனி மன்னிப்பில்லை என நைந்திருப்பவன் அவன். உறுதியையும் எச்சரிக்கையையும் ஓரில்லத்தே வைத்தமை தற்செயலன்று. சுவரின் பின்புறம் இறைவன் செயல். முன்புறம் மாந்தன் படும் பாடு. வழிப்போக்கன் பின்புறத்தை ஒருமுறை கண்டானெனினும், நடக்க வேண்டுவது முன்புறத்தேதான். ஆகலின் அவன் அச்சம் பொய்யச்சமாகாது. எச்சரிக்கையே அவனை வழியில் நிறுத்தும் கருவிகளுள் ஒன்றாகின்றது.

இனி, நிலைபேறு என்பது வழுவாமையன்று என்பதும் அந்நூலால் தெளிவாம். கிறித்தியன் குன்றின்மேல் உறங்கி ஓலையை இழக்கின்றான், ஐயக்கோட்டையில் சிறைப்படுகின்றான், இறுதி ஆற்றில் அமிழும் நிலையுறுகின்றான். உடன்வந்த நம்பிக்கை என்பவன் அவன் தலையைத் தாங்கிப் பிடிக்கின்றான். அறியாமை என்னும் பெயரினனோ, வீண்நம்பிக்கை என்னும் ஓடக்காரன் துணையால் அவ்வாற்றை வருத்தமின்றிக் கடந்து நகரவாயிலை அடைகின்றான். எனினும், குறுக்குவழியே புகுந்தவனாதலானும், கையில் ஓலை இன்மையானும், வாயிலிலிருந்தே நரகிற்குச் செலுத்தப்படுகின்றான். இறுதிவரை நடந்தமையே மீட்பிற்குப் போதுமாயின் இவனும் மீட்புற்றிருத்தல் வேண்டும். நடையின் நீளம் தகுதியன்று; புகுந்த வாயிலே அடிப்படை என்பது இதனாற் பெறப்படும். நிலைபேறு மீட்பை ஈட்டும் கூலியன்று. மெய்யாகப் பெற்ற அருளின் அடையாளமே என்பது பனியன் கருத்தெனக் கொள்ளுதல் பொருந்தும்.

எச். ஏ. கிருட்டிணபிள்ளை (1827-1900) இந்நூலைத் தழுவி 1894-இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டார். வைணவக் குடியிற் பிறந்து 1858-இல் கிறித்தவராகிய இவர், ஐந்து பருவங்களாக அமைந்த இப்பெருங்காப்பியத்தில் இருபெரும் மாற்றங்கள் செய்துள்ளார். கிறித்துவின் பாடுகளைக் குமார பருவத்தே விரித்தமை ஒன்று. தேவாரம் என்னும் பெயரால் வேண்டற் பாடல்களை இடையிடையே அமைத்தமை மற்றொன்று. பனியன் சுவரின் பின் மறைத்தவரை இவர் காப்பியத்தின் நடுவே நிறுத்திவிட்டார் எனலாம். இதனாற் பத்திச்சுவை பெருகுகின்றது. ஆயின் கதையின் அச்சச்சுவை ஓரளவு தணிகின்றது. இவ்விழப்பு காப்பியத்திற்குக் குறையாகாது என்பதே நம் துணிபு. நிலைபேறு கொடையாயின் அது கேட்டுப் பெறற்குரியது. வேண்டற் பாடலே அதற்கேற்ற வடிவம்.

இவ்விடத்து வைணவ ஆசிரியர்தம் குரங்குக்குட்டி நெறியும் பூனைக்குட்டி நெறியும் நினைவிற்கு வருதல் இயல்பே. தாயைத் தானே பற்றும் குட்டியை வடகலையார்க்கும், தாயாற் கவ்விச் செல்லப்படும் குட்டியைத் தென்கலையார்க்கும் உரிய உவமையாகக் கூறுவர். இவற்றுள் ஒன்றை இக்காப்பியத்திற்கு அவ்வாறே பொருத்திவிடல் சாலாது. ஈண்டு வழிப்போக்கன் தன் காலால் நடக்கின்றான். நடத்தற்குரிய வலிமையோ அவனதன்று. பற்றுதலும் பற்றப்படுதலும் ஒருங்கே நிகழ்கின்றன. ஒப்புமை காண்பார் அவ்வேறுபாட்டையும் உடன்காண்டல் வேண்டும்.

ஆகவே, இவ்விரு நூல்களையும் ஆராயப் புகுவோர் கொள்கையை ஒருபுறமும் கதையை ஒருபுறமும் பிரித்து வைத்து நோக்குதல் தகாது. மீட்பின் உறுதி வழிநடையை வீணாக்கவில்லை. வழிநடையும் மீட்பை விலைக்கு வாங்கவில்லை. இவ்விரண்டனையும் ஒருங்கு கூறற்குத் தருக்க நூலினும் யாத்திரைக் கதை சிறந்த கருவியாயிற்று. அந்நூல்களின் சமய ஆழத்திற்கேயன்றி இலக்கியச் சிறப்பிற்கும் அதுவே காரணம் என்க.