யாத்திரிகன் யாருக்குச் சொந்தம்?

எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தைப் புகழாத தமிழ்க் கிறிஸ்தவர் அரியர். படித்து முடித்தவரோ அதனினும் அரியர். காரணம் யாது?

முதனூல் செய்த ஜான் பனியன் பாத்திரம் ஒக்கிடும் தொழிலாளி. தடையை மீறிப் பிரசங்கித்ததற்காக 1660 முதல் 12 ஆண்டுகள் சிறையிருந்தவர். 1678-ல் வெளிவந்த அவர் கதையில் விசுவாசம் சேற்றிலும் சந்தையிலும் நடக்கிறது. முதுகில் மூட்டையோடு ஒருவன் போகிறான். கேரித் தீவில் செம்பனைக் குலை சுமந்தறிந்தோர்க்கு இதற்கோர் உரையாசிரியர் வேண்டுவதில்லை. ஐயக் கோட்டையில் புதன் முதல் சனி வரை அடிபட்டுக் கிடந்தவன், வாக்குத்தத்தமென்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருப்பதைப் பிறகுதான் நினைக்கிறான். விசுவாசியும் மறப்பான் என்று ஒளியாமற் சொன்னாரே, அதுவே மெய்.

வைணவ மரபிற் பிறந்து 1858-ல் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையவர்கள், கம்பர் கவியில் தோய்ந்தவர். அந்நிய நடையை நாடாது தமிழ் விருத்தத்திலேயே புதிய விசுவாசத்தைப் பாடி 1894-ல் வெளியிட்டது சிலாக்கியமான காரியம். ஆனால் தொழிலாளி எழுதிய கதை 3,700-க்கு மேற்பட்ட பாக்களாகிப் புலவர் கைக்குப் போயிற்று. ஆங்கிலம் படித்த நம் போன்ற கிராணிமாருக்குப் பனியன் எளிதாகவும் தாய்மொழிக் காப்பியம் அரிதாகவும் இருப்பது விந்தையன்றோ?

இடையிடையே வரும் தேவாரப் பதிகங்கள் வேறு ஜாதி. அங்கே அணிகள் கழன்று, நொந்த உள்ளம் நேரே பேசுகிறது. சம்பளம் குறைந்த மாதத்திலும், பிள்ளை காய்ச்சலாய்க் கிடக்கும் இரவிலும் வாய்விட்டுச் சொல்லத்தக்கவை இவையே. ஆதலின் நம் தோட்டத்து அன்பர்கள் பாயிரத்தை விட்டு இப்பதிகங்களிலே தொடங்குவார்களாக. காப்பியம் காத்திருக்கும்.