மறுபதிப்பில் மறையும் புள்ளிகள்

பழைய தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாக மீண்டும் கோக்காமல், அவற்றின் பக்கங்களை அப்படியே படமெடுத்து அச்சிட்டு வெளியிடும் வழக்கம் இந்நாளில் பெருகியுள்ளது. செலவு குறைவு, காலமும் குறைவு, அவற்றினும் மேலாக, பிழை நேர வழியில்லை என்னும் நம்பிக்கை. அச்சுக் கோப்பவர் இல்லையாதலின் அச்சுப்பிழையும் இல்லை, மெய்ப்புப் பார்க்கும் தொல்லையும் இல்லை என்று வெளியிடுவோர் எண்ணுகின்றனர். இந்நம்பிக்கை எத்துணை உறுதியுடையது என்பதை ஆராய்தல் வேண்டும். ஆராயின், படமெடுத்து அச்சிடும் நூலிலும் பாடவேறுபாடு புகும் என்பதும், அதனைப் புகுத்துவோர் தாம் புகுத்துவதை அறியாதிருத்தலே அதன் கொடுமை என்பதும் விளங்கும்.

மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. ஆயினும் ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதியோர் பெரும்பாலும் புள்ளி இட்டாரல்லர். ரகரத்துக்கும் காலுக்கும் வடிவ வேற்றுமை காட்டாமலும், எகர ஏகாரங்களுக்கு ஒரே கொம்பை இட்டும் அவர்கள் எழுதினர். அவற்றைப் படித்து, பொருள் கண்டு, இது மெய், இது உயிர்மெய், இது குறில், இது நெடில் எனப் பிரித்து அச்சேற்றியதே பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர்களின் பேருழைப்பு. உ. வே. சாமிநாதையர் 1887 இல் சீவக சிந்தாமணியையும், 1892 இல் சிலப்பதிகாரத்தையும், 1894 இல் புறநானூற்றையும் வெளியிட்டபோது, அந்நூல்களில் இட்ட ஒவ்வொரு புள்ளியும் ஒரு முடிவாகும். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பிழையற்ற அச்சுக்கு இலக்கணமாகப் போற்றப்படுவதும் இத்தகைய கருத்தினாலேயே. அப்பதிப்புகளைப் படமெடுக்கையில் புள்ளியைத் தவறவிடுவோர், அப்பெரியோர் கரையேற்றிய பாடத்தை மீண்டும் ஓலைக்காலத்து ஐயத்துக்குள்ளேயே தள்ளிவிடுகின்றனர்.

புள்ளி எவ்வாறு தவறும்? வருடி எனப்படும் ஸ்கேனர், பக்கத்தைச் சிறுசிறு சதுரங்களாகப் பகுத்து ஒவ்வொன்றின் ஒளியையும் அளக்கின்றது. அச்சதுரமே பிக்சல். கறுப்பு முதல் வெள்ளை வரை 256 படிகள். இப்படத்தை வெறுங் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது, ஏதேனும் ஒரு படியில் கோடு கிழித்து, அதற்குக் கீழுள்ளன எல்லாம் கறுப்பு, மேலுள்ளன எல்லாம் வெள்ளை என்று கணினி தீர்ப்பளிக்கின்றது. எழுத்தின் தண்டு பருமனானது. அதன் நடுவே விழும் பிக்சல் முழுக் கறுப்பாகவே இருக்கும். புள்ளியோ மிகச் சிறியது. அதன்மேல் விழும் பிக்சல்களிற் பல, பாதி மையும் பாதி தாளுமாக அளவிடப்பட்டுச் சாம்பல் நிறம் பெறும். ஆதலின் தண்டைக் காக்கும் கோடு புள்ளியைக் காப்பதில்லை. தாள் பழுப்பேறி, மையும் வெளிறிய நூலாயின் கேட்கவே வேண்டா.

கணக்கிட்டுப் பார்ப்பின் இது தெளிவாகும். சிறிய எழுத்தில் அச்சிட்ட பழைய நூலொன்றில் புள்ளியின் குறுக்களவு 0.3 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற அளவில் எடுத்தால் அப்புள்ளிக்குக் குறுக்கே கிடைப்பவை மூன்றரைப் பிக்சல்களே. 600 என்று எடுத்தால் ஏழு. 'முந்நூறு போதும்' என்று அச்சுத்தொழிற் கையேடுகள் எல்லாம் ஓதுகின்றனவே எனின், அவை கூறுவது நிழற்படத்துக்கு. முகமும் மலையும் கடலும் முந்நூறில் அடங்கும், எழுத்து அடங்காது. கோட்டுருவத்துக்கு 600 முதல் 1200 வரை வேண்டும் என்று அதே கையேடுகள் அடுத்த பக்கத்திற் கூறுவதைப் படிப்பார் இலர். 1862 இல் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் வெளிவந்த வின்சுலோ அகராதி போன்ற, நெருக்கிக் கோத்த சிற்றெழுத்து நூல்களை முந்நூறில் எடுப்பது வீண்வேலை.

புள்ளி மறையுமாயின் கோட்டைச் சற்று ஏற்றிக் கறுப்பைக் கூட்டினால் ஆகாதோ? அங்கே மற்றொரு கேடு காத்திருக்கின்றது. கறுப்பு மிகுந்தால் சுழிகள் அடைபடும். இரட்டைக் கொம்பின் மேற்சுழி அடைபட்டால் நெடில் குறிலாகத் தோன்றும். 'கேட்டான்' என்று புலவர் பாடியிருக்க, 'கெட்டான்' என்று மாணவன் படிப்பான். 'கோடு' என்பது 'கொடு' என்றாகும். வெளுத்தாலோ, 'பல்' என்பது 'பல' என்றாகும்; 'மண்' என்பது 'மண' என்றாகும்; ரகரத்தின் சாய்ந்த அடிக்கால் தேய்ந்து துணைக்காலாக நிற்கும். வெளுப்பில் ஒரு பிழை, கறுப்பில் ஒரு பிழை. இரண்டுக்கும் நடுவே உள்ள வழி மிகக் குறுகியது. நூல் முழுமைக்கும் ஒரே கோடு பொருந்துவதுமில்லை. பழைய கை அச்சில் ஒரு பக்கம் மை மிகுந்தும் மறுபக்கம் குறைந்தும் இருத்தல் இயல்பு. ஒரு பக்கத்திலேயே நடுவும் விளிம்பும் வேறுபடும்.

இவை ஒருபுறமிருக்க, 'மாசு நீக்கல்' என்றொரு வசதி செய்யும் அழிவு பெரிது. வருடியோடு வரும் மென்பொருள்கள், குறிப்பிட்ட அளவினும் சிறிய கரும்பொட்டுகளை எல்லாம் அழுக்கெனக் கருதித் தாமே துடைத்துவிடுகின்றன. ஆங்கிலப் பக்கத்துக்கு இது பெருந்தீங்கன்று. அங்கே எழுத்தின் மேல் தனித்து நிற்கும் பொட்டு ஐ, ஜே என்னும் இரண்டு சிற்றெழுத்துகளுக்கே உண்டு. அது போனாலும் சொல் மாறாது. தமிழ்ப் பக்கத்திலோ வரிதோறும் பல புள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஓர் உயிரைப் போக்கி நிற்பது. பக்கம் பால்போல் வெளுத்துப் பளிச்சிட வேண்டும் என்னும் ஆசையால் இவ்வசதியை இயக்குவோர், தூசியோடு இலக்கணத்தையும் துடைக்கின்றனர். மாறாக, துடையாது விட்ட பூச்சிக்கறை ஒன்று லகரத்தின் தலையில் அமர்ந்து, 'பல கண்டோம்' என்பதைப் 'பல் கண்டோம்' என்று ஆக்குவதும் உண்டு. எது கறை, எது புள்ளி என்று அறிபவர் தமிழ் அறிந்தவரே, பொறி அறியாது.

பொறியை நம்பலாகாது என்பதற்கு உலகறிந்த சான்றும் ஒன்று உண்டு. 2013 இல் ஜெர்மானியக் கணினி அறிஞர் டேவிட் கிரீசல், செராக்ஸ் நிறுவனத்தின் சிலவகைப் பொறிகளில் எடுத்த கட்டட வரைபடங்களில் எண்கள் மாறி வருவதைக் கண்டு வெளிப்படுத்தினார். ஆறு எட்டாயிற்று, அறையின் பரப்பே வேறாயிற்று. படம் மங்கியதாலன்று, மாறிய எண்ணும் தெளிவாகவே இருந்தது. ஜேபிஐஜி-2 என்னும் சுருக்குமுறை, ஒத்த வடிவங்களை ஒன்றெனக் கொண்டு ஒன்றின் படத்தையே மற்றதன் இடத்திலும் பதிப்பதே காரணம். நிறுவனம் பின்னர்த் திருத்தம் வழங்கியது. ஆறும் எட்டும் மயங்குமாயின், ரகரமும் காலும், ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மயங்குதற்குச் சொல்லவேண்டுமோ? எனவே நூற்பக்கங்களுக்கு இழப்பில்லாச் சுருக்குமுறைகளையே கொள்ளவேண்டும். டிஃப் கோப்பாக மூலப்படத்தை வைத்துக்கொண்டு, கோப்பின் பருமனைக் குறைப்பதைக் கடைசியில் எண்ணுவதே முறை.

செய்யத்தக்கது யாது? முதலில் வண்ணத்தில், 600 அளவில் எடுத்துவிடுதல். பழுப்புத் தாளும் காவிக்கறையும் சிவப்பொளியில் ஏறத்தாழ வெண்மையாகவே தோன்றும். மை கறுப்பாகவே நிற்கும். ஆகவே படத்தின் சிவப்புக் கூற்றை மட்டும் பிரித்தெடுத்தால், எவ்வகைத் துடைப்பும் இன்றியே கறையிற் பெரும்பகுதி அகலும். அதனை 1200 ஆகப் பெருக்கி, அதன்பின்னரே, இடத்துக்கிடம் மாறும் கோடு கொண்டு கறுப்பு வெள்ளையாக மாற்றவேண்டும். முன்னே மாற்றிப் பின்னே பெருக்கினால், போன புள்ளி வாராது. பின்னர், தமிழ் கற்ற ஒருவர் மூலத்தை அருகில் வைத்துப் பக்கந்தோறும் ஒப்புநோக்க வேண்டும். மெய்ப்புப் பார்த்தல் ஒழிந்தது என்று மகிழ்ந்தோர்க்கு இது கசக்கும். ஆயினும் வேறு வழியில்லை.

அச்சகத்துக்கு அனுப்பும் நிலையிலும் ஒரு வழுக்கல் உண்டு. பழமை தோன்றவேண்டும் என்று பழுப்புத் தாளோடு சேர்த்து வண்ணப்படமாகவே பக்கத்தை அச்சிடுவோர் உளர். வண்ணமும் சாம்பலும் அச்சில் ஏறுவது நுண்பொட்டுத் திரையாக உடைந்தே. அங்குலத்துக்கு 150 வரி கொண்ட நல்ல திரையிலும், 0.3 மில்லிமீட்டர்ப் புள்ளிக்குக் குறுக்கே இரண்டு திரைப்பொட்டுகூட முழுதாக அமைவதில்லை. நான்கு மைகளும் இம்மி பிசகினால் எழுத்தைச் சுற்றிச் செந்நிழல் படரும். காட்சிக்கு அழகிய நூல், கற்பதற்கு ஆகாது. எழுத்தைத் தனிக் கறுப்பு மையில், திரையின்றி, கோட்டுருவமாக அச்சிடுவதே நேர்மையான வழி.

நூலின் இடையே வரும் நிழற்படங்களுக்கு இவ்விதி பொருந்தாது. அவை முன்பே திரையிட்டு அச்சானவை. அவற்றின்மேல் புதுத்திரை ஏறினால் இரண்டு திரைகளும் மோதிப் பட்டுச்சேலையின் நீரோட்டம்போல் அலைகள் தோன்றும். சற்றே மங்கச்செய்து பழைய பொட்டுகளைக் கரைத்து, அதன்பின் அளவு குறைத்துச் சாம்பற்படமாக வைத்தால் அலை அடங்கும். பக்கம் ஒன்றேயாயினும் எழுத்துக்கு ஒரு முறை, படத்துக்கு ஒரு முறை.

மலாயா, சிங்கப்பூர்த் தமிழிதழ்களைப் பொறுத்தவரை இச்செய்தி இன்னும் அவசரமானது. 1887 இல் சிங்கப்பூரில் தோன்றிய சிங்கை நேசன், 1924 இல் கோலாலம்பூரில் தொடங்கி 2019 இல் நின்றுபோன தமிழ் நேசன், 1935 இல் எழுந்த தமிழ் முரசு ஆகியவை வெளியிட்ட கதையும் கவிதையும் கட்டுரையும் இந்நாட்டுத் தமிழிலக்கிய வரலாற்றுக்கு மூலமாவன. செய்தித்தாள், நாளடைவில் தானே பழுத்து நொறுங்கும் தாள். நுண்படச்சுருளில் ஏறிய இதழ்களைப் படிப்போர் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். அச்சுருள்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை முரணை மிகுவிப்பன; சாம்பல் நிலைகளைத் தாங்கமாட்டா. புள்ளி சுருளிலேயே போயிருந்தால், அதனை எத்துணை உயர்ந்த வருடியில் இட்டாலும் திரும்பாது. எனவே ஒரு கவிதையைச் சுருளிலிருந்து படியெடுத்து ஆராய்வோர், ஐயமான சொல் வந்தவிடத்து, தாளிதழ் எங்கேனும் எஞ்சியிருப்பின் அதனையே தேடிப் பார்த்தல் வேண்டும். மறுபதிப்பு வெளியிடுவோரும், படம் தாளிலிருந்து எடுத்ததா, சுருளிலிருந்து எடுத்ததா, எவ்வளவில் எடுத்தது, கையால் திருத்திய பக்கங்கள் எவை என்பவற்றை முன்னுரையில் எழுதுதல் வேண்டும். ஏட்டுப்பிரதி எங்கே கிடைத்தது, எத்தனை பிரதி ஒப்பிட்டது என்பதைச் சாமிநாதையர் எழுதிவைத்தார். இப்போதைய வெளியீடுகள் பலவற்றில் அரைப்பக்கம்கூட அதற்கு ஒதுக்கப்படுவதில்லை.