ஃபௌ-ஜி: கல்வான் ஆட்டக்களமும் உண்மைக் களமும்

ஃபௌ-ஜி என்பது பெங்களூருவின் என்கோர் கேம்ஸ் நிறுவனம் 2021 சனவரி 26 அன்று வெளியிட்ட திறன்பேசி விளையாட்டு ஆகும். இதன் முதல் களம் கிழக்கு லடாக்கிலுள்ள கல்வான் பள்ளத்தாக்கு. 2020 சூன் 15 இரவு அங்கு இந்திய, சீனப் படையினர் கைகலந்தனர். இந்தியத் தரப்பில் 20 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் இராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த அவில்தார் கே. பழனி. அவரது உடல் மதுரை விமான நிலையத்தில் இறக்கப்பட்டு, அங்கிருந்து சாலை வழியாக ஊருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. மதுரைப் பக்கத்து மாணவர்களுக்குக் கல்வான் எங்கோ இருக்கும் பனிமலை மட்டுமன்று.

உண்மைப் போரை ஆட்டமாக்குவது புதிதல்ல. பசிபிக் கடலில் உள்ள வேக் தீவு, 2002-இல் வந்த பேட்டில்ஃபீல்ட் 1942 விளையாட்டின் புகழ்பெற்ற களம். 1941 திசம்பர் 11 அன்று அத்தீவில் தரையிறங்க முயன்ற சப்பானியரை அமெரிக்கர் விரட்டினர். 23-ஆம் நாள் தீவு வீழ்ந்தது. அப்போது அங்கிருந்தோரில் பெரும்பாலோர் கட்டுமானத் தொழிலாளர்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். தீவிலேயே சிறைவைக்கப்பட்ட 98 தொழிலாளர்களை 1943 அக்டோபரில் சப்பானியர் சுட்டுக் கொன்றனர். ஆட்டத்தில் தொழிலாளர் எவருமில்லை. ஆயினும் போருக்கும் ஆட்டத்துக்கும் இடையே அறுபது ஆண்டுகள் கடந்திருந்தன. வரலாற்றை அறிய நூல்கள் பல வந்துவிட்டன. கல்வானுக்குக் கிடைத்த இடைவெளி ஏழு மாதம்.

ஃபௌ-ஜி ஒன்றைச் சரியாகச் செய்தது. கல்வான் களத்தில் துப்பாக்கி இல்லை. எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து இரு கிலோமீட்டருக்குள் சுடுவதில்லை என்ற 1996-ஆம் ஆண்டு உடன்பாட்டை ஒட்டி, அன்றிரவு இரு தரப்பும் சுடவில்லை. கல்லும் தடியும் கம்பியுமே ஆயுதங்களாயின. சுடும் விளையாட்டுக்குப் பழகிய பலர் இதைக் குறையாகச் சொன்னார்கள். உண்மையில் இதுவே அதன் நேர்மை.

ஆனால் குளிர்? அங்கேதான் களம் பொய்யாகிறது. ஆட்டத்தில் அடிபட்ட வீரர் எரியும் நெருப்பருகே சற்று நின்றால் வலு திரும்பிவிடும். எழுந்து அடுத்த கூட்டத்தை அடிக்கப் போகலாம். 2020 சூன் 16 அன்று இந்திய இராணுவம் வெளியிட்ட அறிக்கையோ, படுகாயமடைந்த 17 பேர் உறைநிலைக்கும் கீழான குளிரில் கிடந்து இறந்ததாகக் கூறியது. சித்திரை வெயிலையே அறிந்த மதுரைப் பிள்ளைக்கு அந்தக் குளிர் எத்தகையது என்பதைப் புரியவைக்க இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. விளையாட்டு அதைத் தவறவிட்டுவிட்டது.

இன்னொன்று, தனி ஆள். ஆட்டத்தில் ஒரே வீரர் அலையலையாக வருவோரை வீழ்த்திக்கொண்டே போகிறார். நம் திரைப்படச் சண்டைக்காட்சிகளுக்கு இது பொருந்தும், கல்வானுக்குப் பொருந்தாது. பழனி 81-ஆவது களப் பீரங்கிப் படைப்பிரிவைச் சேர்ந்தவர். தொலைவிலிருந்து குண்டெறியப் பயிற்சி பெற்ற பிரிவினர் காலாட்படையினரோடு சேர்ந்து கைச்சண்டையில் நின்றார்கள். தோழர்களைக் காக்க முன்னின்று போராடி உயிர்துறந்த அவருக்கு 2021 குடியரசு நாளையொட்டி வீர் சக்ரா விருது அறிவிக்கப்பட்டது. விளையாட்டு வெளிவந்ததும் அதே குடியரசு நாளில்தான்.