பால்துளியின் மகுடம்

பால்துளி ஒன்று செந்நிறத் தளத்தில் விழுந்து, முத்துகள் பதித்த மகுடம்போல் எழும்பி நிற்கும் வண்ணப்படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஹெரால்டு எட்ஜெர்டன் 1957-இல் எடுத்த படம் அது.

அத்தனை விரைவாகத் திறந்து மூட எந்திர ஷட்டரால் இயலாது. மின்தேக்கியில் சேர்த்த மின்சாரம் வாயுக்குழாய் வழியே கணத்தில் பாய்ந்து தீர, இருட்டில் அந்த ஒளி இருந்த நேரமே படம் பதிந்த நேரமாயிற்று. இதுவே படத்தின் பெருமை.

ஆனாலும் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். துளிகள் எல்லாம் இப்படி ஒழுங்காகவே தெறிக்கும் என்று இப்படம் நம்மை நம்ப வைத்துவிடுகிறது. கூர்ந்து நோக்குங்கள், இதிலேயே முத்துகள் ஒன்றுபோல் இல்லை!

இங்கிலாந்தில் ஆர்தர் வொர்திங்டனும் அப்படித்தான் ஏமாந்தார். மின்பொறியின் ஒளியில் கண்ணால் பார்த்துச் சீரான உருவங்களாகவே வரைந்தார். 1894-இல் படமாக எடுத்த பின்னரே, பல தெறிப்புகள் கோணல்மாணலாக இருப்பது புலனாயிற்று.

நீங்களே சோதித்துப் பாருங்கள். டிஜிட்டல் காமிராவுடன் தனி பிளாஷை இணைத்து, அதன் ஆற்றலை மிகக் குறைவாக வையுங்கள். ஆற்றல் குறைந்தால் ஒளிரும் நேரமும் சுருங்கும். அறையை இருட்டாக்கி, ஒளியைப் பக்கவாட்டில் விழச் செய்து, 50 படங்கள் எடுங்கள். அழகாக அமையாதவற்றை அழித்துவிடாதீர்கள். துளி எப்படித் தெறிக்கிறது என்பதை அந்த ஐம்பதும் சேர்ந்துதான் சொல்லும்.