நந்தன் கதையும் திரைக்கதைக்கான கதைவகைத் தேர்வும்

ஆய்வுச் சுருக்கம்

திரைக்கதையைக் காட்சிகளாகப் பகுப்பதற்கு முன்னரே, எடுத்துக்கொண்ட கதையை எவ்வகைக் கதையாகச் சொல்வது என்னும் முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. கதையின் இறுதி எந்த வினாவிற்கு விடை தரும் என்பதை அம்முடிவே வரையறுக்கிறது. சிதம்பரத்தை இலக்காகக் கொண்ட நந்தன் கதையின் வடிவங்களை ஒப்பிட்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நந்தனார், கதைவகை, திரைக்கதை, கதாகாலட்சேபம், சிதம்பரம்

முன்னுரை

பக்திப் படம், சமூகப் படம், நகைச்சுவைப் படம் என்னும் வழக்கமான பகுப்பு கதையின் பொருளைச் சுட்டுமேயன்றி, அது இயங்கும் முறையைச் சுட்டாது. கதைமாந்தரைத் தடுப்பது எது, அத்தடை எவ்வாறு நீங்குகிறது என்னும் இரு வினாக்களே கதைவகையைத் தீர்மானிக்கின்றன. இன்றைய கடலூர் மாவட்டத்தின் தென்னெல்லையாக ஓடும் கொள்ளிடத்தின் கரையிலுள்ள ஆதனூரில் தொடங்கித் தில்லையில் முடியும் நந்தன் கதை இதற்குத் தக்க சான்றாகும். பயணம் ஒன்றே, தடைகள் வேறு.

சேக்கிழார்: எதிரி இல்லாத கதை

பெரியபுராணத்துத் திருநாளைப்போவார் வரலாற்றில் நிலக்கிழார் எவரும் இல்லை. தில்லை செல்லும் வேட்கையும், தம் பிறப்பு அதற்கு இசையாது என்னும் தயக்கமும் நந்தனாரின் உள்ளத்திலேயே மோதுகின்றன. 'நாளைப் போவேன்' என அவர் நாள் கடத்துவதே கதையின் இயக்கம். சமூக விதி வெளியாள் ஒருவரின் குரலாக அன்றி, அவருடைய மனத்தில் குடியேறிய அச்சமாக நிற்கிறது. தில்லையை அடைந்த பின்னரும் அவர் ஊரெல்லையை வலம் வருகிறாரேயன்றி உள்ளே நுழையவில்லை. எனவே தடை இறுதிவரை நீடிக்கிறது. தீப்புகுதல் ஒன்றே அதற்குத் தீர்வாகிறது.

பாரதியார்: எதிரியின் வருகை

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை, வேதியர் என்னும் நிலவுடைமையாளரைப் படைத்தது. ஒருவரே பல பாத்திரங்களின் குரலில் பாடியும் பேசியும் நடத்தும் கதாகாலட்சேபத்திற்கு அகத் தயக்கத்தைவிட உரையாடல் மோதல் பொருத்தமானது. தில்லை செல்ல விடை கேட்கும் பண்ணையாளும், நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்னும் ஆண்டையும் எதிரெதிரே நிற்கின்றனர். ஒரே இரவில் பயிர் விளைகிறது; வேதியர் நந்தனின் காலில் விழுகிறார். பண்ணையடிமை முறை கதைக்குள் வந்தது இம்மாற்றத்தின் பெரும்பேறு.

திரைப்படங்களின் தேர்வு

1935இல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாக நடித்த 'பக்த நந்தனார்', 1942இல் எம். எம். தண்டபாணி தேசிகர் நடித்த ஜெமினியின் 'நந்தனார்' ஆகிய இரண்டும் பாரதியார் வழியையே மேற்கொண்டன. முதற்படத்தில் மகாராஜபுரம் விசுவநாத ஐயரும், பின்னதில் செருக்களத்தூர் சாமாவும் வேதியராக நடித்தனர். மோதலைக் கண்முன் காட்டவேண்டிய ஊடகத்திற்கு இத்தேர்வு இயல்பானதே. ஆயின் இதற்கு ஒரு விலையும் உண்டு. எதிரி வேதியர் எனில், அவர் மனம் மாறியதும் மோதல் முடிகிறது. அது முடியுமிடம் ஆதனூர் வயல். எஞ்சிய சிதம்பரப் பகுதி எதிர்ப்பின்றி நிகழும் வழிபாட்டுக் காட்சியாகிவிடுகிறது. கோயில் வாயிலின் விதியை வகுத்தவர் யார் என்னும் வினாவை எழுப்பத் திரைக்கதையில் எவரும் இல்லை. இவ்விரு படங்களுக்கும் இடைப்பட்ட 1939இல்தான் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலய நுழைவு நிகழ்ந்தது என்பதை நோக்க, இவ்விடுபாடு பொருட்படுத்தத் தக்கது. இதனை நடிப்பின் குறையாகவோ இயக்கத்தின் குறையாகவோ கொள்வது பொருந்தாது. தனிமனித மனமாற்றக் கதை என்னும் வகையைத் தேர்ந்தபோதே இது நேர்ந்துவிட்டது.

மாற்றுத் தேர்வுகள்

என். எஸ். கிருஷ்ணனின் 'கிந்தனார்' காலட்சேபம் 1949இல் 'நல்லதம்பி' படத்தில் இடம்பெற்றது. வேட்கை, மறுப்பு, பயணம் என்னும் சட்டகத்தை அது அப்படியே வைத்துக்கொண்டு, இலக்கை மட்டும் மாற்றியது. கிந்தன் தேடிச்செல்வது கல்வியை, ஏறிச்செல்வது ரயிலில். அற்புதம் நீங்கியதால் விடுதலை மனித முயற்சியாகிறது. இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' நாடகமோ தீயை அதிகாரத்தின் சூழ்ச்சியாகக் கண்டு துன்பியலைத் தேர்ந்தது. அதனால் சேக்கிழாரின் இறுதிக் காட்சியே குற்றச்சாட்டாக உருமாறுகிறது. முன்னது நகைச்சுவை, பின்னது துன்பியல். எனினும் இரண்டிலும் வினா வயலோடு முடிந்துவிடவில்லை.

முடிவுரை

நந்தன் கதையில் தடையைத் தனிமனிதரிடம் வைத்தால் மன்னிப்பும், நிறுவனத்திடம் வைத்தால் விசாரணையும், கல்வியின்மையில் வைத்தால் முயற்சியும் இறுதியாகின்றன. ஆகவே கதைவகைத் தேர்வைப் பார்வையாளரின் விருப்பத்தை முன்கணிக்கும் வணிக முடிவாக மட்டும் கொள்ளலாகாது. அநீதிக்குப் பொறுப்பு யார் என்பதைத் திரைக்கதையாளர் முதல் காட்சியை எழுதுமுன்பே அதில் தீர்மானித்துவிடுகிறார். தழுவல் படங்களை ஆராய்வோர் மூலத்தோடு ஒத்த காட்சிகளையும் வேறுபட்ட காட்சிகளையும் பட்டியலிடுவதோடு அமையாது, தடை எங்கிருந்து எங்கு நகர்த்தப்பட்டது என்பதையும் நோக்குதல் வேண்டும்.