துடுப்பின் கடைசித் திருப்பம்

நன்றாகத் துடுப்புப் போடுகிறவரைக் கண்ணால் பார்க்கவே வேண்டியதில்லை, காதை வைத்தே பிடித்துவிடலாம். துடுப்பு தண்ணீருக்குள் இறங்கும்போது ‘சளக்’ என்று கேட்டால் ஆள் புதிது. கனூவின் விளிம்பில் ‘டொக், டொக்’ என்று இடித்தால் அவசரக்காரர். இறங்குகிற சத்தமே இல்லாமல், அடுத்த வீச்சுக்காகத் துடுப்பு முன்னே போகையில் அதன் அலகிலிருந்து நாலைந்து துளி சொட்டுவது மட்டும் கேட்டால், போகிறவர் கலைஞர். எழுந்து நின்று பார்க்கலாம். கரையில் இருந்தால் மட்டும்.

பிரெஞ்ச் ஆற்றில் எங்கள் முதல் நாள் காலை, சளக்கும் டொக்கும் தாராளமாகக் கேட்டன. அவற்றுக்கு மேலாக நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்வது கேட்டது.

கலியாணம் முடித்து 22 வருடம். ஒரே காரில் எவ்வளவோ தூரம் போயிருக்கிறோம். ஆனால் காரில் ஓட்டுகிறவர் ஒருவர், வழி சொல்கிறவர் மற்றவர். இருவரும் சேர்ந்து ஓட்டியே ஆகவேண்டிய வாகனம் எங்கள் வாழ்க்கையில் முதன்முதலாக வந்தது கனூ வடிவில்தான். பிள்ளைகள் இரண்டும் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட, செப்டெம்பர் இரண்டாம் வாரத்தில் மூன்று நாள் எடுத்துக்கொண்டோம். நுளம்பு அடங்கி, விடுமுறைக் கூட்டம் வீடு திரும்பி, தண்ணீரில் கோடையின் சூடு கொஞ்சம் மிச்சமிருக்கிற காலம் அது. ஸ்காபரோவிலிருந்து வடக்கே நாலு மணி நேர ஓட்டம். ஹார்ட்லி பே என்ற இடத்தில் வாடகைக்கு ஒரு கனூ. இருவர் செலுத்தும் படகுகளுக்குக் கனடாவில் ‘விவாகரத்துப் படகு’ என்றொரு பட்டப்பெயர் உண்டு என்பதை நான் மனைவியிடம் சொல்லவில்லை.

பிரெஞ்ச் ஆறு நிப்பிசிங் ஏரியில் தொடங்கி, 110 கிலோமீட்டர் மேற்கே ஓடி, ஜோர்ஜியன் குடாவில் விழுகிறது. கனடாவின் மரபுரிமை ஆறுகள் பட்டியலில் 1986இல் முதலாவதாகச் சேர்க்கப்பட்ட ஆறு இதுதான். பெயர்தான் ஆறு. பல இடங்களில் அது ஏரிபோல விரிந்து கிடக்கும், சில இடங்களில் இளஞ்சிவப்புக் கருங்கல் பாறைகளுக்கிடையே ஒடுங்கி ஓடும். கரையில் நிற்கும் வெள்ளைப் பைன் மரங்கள், காலம் காலமாக வீசிய மேல்காற்றில் கிளைகளை ஒரே பக்கம் தள்ளிவைத்துக்கொண்டு நிற்கும். காற்று நின்ற நாளிலும் அந்த மரங்களைப் பார்த்தால் காற்றடிப்பது போலத்தான் இருக்கும்.

கனூவின் அழகு எங்கே இருக்கிறது என்று கேட்டால், அது எதையும் படகோடு கட்டிவைக்கவில்லை என்பதில்தான் என்பேன். தண்டு வலிக்கிற படகில் தண்டு விளிம்போடு பிணைந்திருக்கும். வலிக்கிறவர் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். யாழ்ப்பாணத்துப் பரவைக் கடலில் மரக்கோல் ஊன்றுகிறவருக்கோ கைக்கெட்டும் ஆழத்தில் தரை உண்டு. கனூக்காரருக்குப் பிணைப்பும் இல்லை, தரையும் இல்லை. துடுப்பு இரண்டு கைகளுக்கிடையே சும்மா நிற்கிறது. அதனால்தான் அது எந்தப் பக்கமும் திரும்பும், எந்தக் கோணத்திலும் நீரை வெட்டும். எங்களுக்கு முதலில் தந்தது அலுமினியக் கம்பும் பிளாஸ்டிக் அலகும் கொண்டது. கேட்டுப் பார்த்து, மரத்தால் செய்த இரண்டை வாங்கிக்கொண்டேன். அலுமினியம் கையில் சில்லென்று குளிரும், ஒன்றும் சொல்லாது. மரம் வளைந்து கொடுக்கும். அலகில் நீர் எவ்வளவு கனக்கிறது என்பது கைப்பிடியில் தெரியும்.

பீற்றர்பரோ நகரில் கனூவுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1997இல் தொடங்கி, 2024இல் ஏரிக்கரையில் புதுக் கட்டடத்துக்குப் போனது. அங்கே பேர்ச் மரப்பட்டையில் செய்த கனூ ஒன்றின் முன்னால் அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். மரத்தில் வெள்ளையாகத் தெரியும் வெளிப்பக்கம் கனூவின் உள்ளே போய்விடும். மரத்தை ஒட்டியிருந்த பழுப்பு உட்பக்கம்தான் தண்ணீரைத் தொடும். ஆணி ஒன்றும் கிடையாது. ஸ்புரூஸ் மரத்தின் வேரைப் பிளந்து நாராக்கித் தைத்திருப்பார்கள். தையல் வழியே நீர் கசியாமலிருக்க அதே மரத்தின் பிசினைக் கொழுப்போடு உருக்கிப் பூசியிருப்பார்கள். விலா எலும்புகளாக உள்ளே சீடார் பட்டிகள். வழியில் ஓட்டை விழுந்தால் திருத்துவதற்கான சாமான் அத்தனையும் கரையிலேயே முளைத்து நிற்கும். எங்கள் வாடகைக் கனூ கெவ்லர், சுமார் 20 கிலோ. ஆனால் வடிவம் அந்தப் பட்டைக் கனூவினுடையதுதான். அனிஷினாபே பூர்வகுடி மக்கள் கண்ட வடிவத்தில் பிறகு வந்தவர்கள் பெரிதாகத் திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அந்த வடிவத்தில் ஒரு சிறு ஓரவஞ்சனை உண்டு. இரு முனையும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் இருக்கைகள் ஒன்றுபோல இல்லை. முன்னால் இருப்பவருக்குக் கால் நீட்ட இடம் வேண்டுமே, அதனால் அவரது இருக்கை நடுவை நோக்கிச் சற்றே நகர்ந்திருக்கும். பின்னால் இருப்பவர் முனைக்குக் கிட்ட இருப்பார். கனூ தன் நடுவைச் சுற்றித்தான் திரும்பும். ஆகவே இருவரும் ஒரே பலத்தோடு வலித்தாலும் பின்னவரின் வலிப்பே கனூவைத் திருப்பும். அவர் வலப்பக்கம் வலித்தால் மூக்கு இடப்பக்கம் போகும். ஒவ்வொரு வீச்சிலும் போகும். இதைத் திருத்தப் பிறந்த நுட்பம்தான் இந்தக் கலையின் உயிர்.

அதன் பெயர் ஜே வீச்சு. துடுப்பு நீருக்குள் போகும் பாதை ஆங்கில ‘ஜே’ எழுத்துப்போல வாலில் வளைவதால் அந்தப் பெயர். துடுப்பை முன்னே ஊன்றி இழுக்கிறீர்கள். அலகு இடுப்பைத் தாண்டியதும், மேல்கையின் பெருவிரல் கீழ்நோக்கிப் போகும்படி மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். இதுவரை நீரை இழுத்த அதே முகம் இப்போது படகுக்கு வெளியே பார்க்கும். அங்கே ஒரு சின்னத் தள்ளு, அவ்வளவுதான். பெருவிரலை மேலே திருப்பித் தள்ளுகிறவர்களும் உண்டு. அதற்குப் பலம் அதிகம், குதித்தோடும் நீரில் அதுதான் கைகொடுக்கும். ஆனால் அமைதியான நீரில் அது ஒவ்வொரு தடவையும் பிரேக் பிடித்த மாதிரி. தேர்ந்தவரின் ஜே வீச்சில் இழுப்பு எங்கே முடிந்தது, திருத்தம் எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. தவறு நடந்து முடிவதற்குள் திருத்தமும் நடந்து முடிந்திருக்கும்.

இதையெல்லாம் நான் தண்ணீரில் கற்கவில்லை, சோபாவில் கற்றேன். பில் மேசன் 1977இல் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக எடுத்த நான்கு கனூப் பயிற்சிப் படங்கள் இருக்கின்றன. இரண்டு தனியாளுக்கு, இரண்டு சோடிக்கு. முந்தின குளிர்காலம் முழுக்க அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பண்டிதனாகியிருந்தேன். ஆகவே, “நீர் முன்னுக்கு இரும்” என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் பின்னால் ஏறினேன். கனூ இடக்கரைக்குப் போனது. திருத்தினேன், வலக்கரைக்குப் போனது. ஆறு நேராகத்தான் கிடந்தது.

கனூவில் சண்டை பிடிப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பின்னவருக்குத் தெரிவது முன்னவரின் முதுகு. முன்னவருக்கு அதுவும் இல்லை. முகம் பார்க்காமல் பேசும்போது சொல்லின் விளிம்பு கூராகிவிடுகிறது.

“இஞ்சருங்கோ, கல்லு!”

“எந்தப் பக்கம்?”

“கல்லு எண்டுறன்!”

இடித்த பிறகு இருவருக்கும் பக்கம் தெரிந்தது. முன்னவருடைய வேலை இரண்டு: தாளத்தைப் பிடிப்பதும், நீருக்குள் கிடக்கும் பாறையைப் பார்த்துச் சொல்வதும். சொல்லும்போது பக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று அந்தப் பாறை எங்களுக்குக் கற்பித்தது. மதியத்துக்குப் பிறகு அகன்ற நீர்ப்பரப்பில் காற்று எழும்பி அலை பக்கவாட்டில் அடித்தபோது இருவரும் இருக்கையை விட்டிறங்கி முழங்காலில் நின்றோம். பாரம் தாழ்ந்ததும் கனூ சட்டென்று நிதானத்துக்கு வந்தது. கூடவே சண்டையும் நின்றது. பயத்தில் வாய் அடைத்துப்போயிருக்கலாம். ஆனால் அந்த அரை மணி நேரம்தான் முதன்முதலாக இரண்டு துடுப்பும் ஒன்றாக இறங்கி ஒன்றாக எழுந்தன.

அன்றிரவு ஒரு தீவுப் பாறையில் கூடாரம் அடித்தோம். அடித்தோம் என்பது பேச்சுக்குத்தான். கருங்கல்லில் முளை இறங்காது. கயிற்றைக் கல்லில் சுற்றி, அதன்மேல் இன்னொரு கல்லை வைத்து இழுத்துக் கட்டவேண்டும். கரடிக்கு எட்டாமல் சாப்பாட்டு மூட்டையை மரத்தில் ஏற்றினோம். இவள் பொதி கட்டும்போது கருவாடு வைக்கப் பார்த்ததையும், அந்த மணத்துக்குக் காட்டிலுள்ள கரடி எல்லாம் பந்திக்கு வந்துவிடும் என்று நான் தடுத்ததையும் நினைத்துச் சிரித்தோம். ரொட்டி சுட்டு இடிசம்பலோடு சாப்பிட்டு, பனங்கட்டி கடித்து வெறுந்தேத்தண்ணி குடித்தோம். இருட்டியதும் லூன் பறவை ஒன்று நீண்ட ஊளைபோலக் கூப்பிட்டது. எங்கிருந்தோ இன்னொன்று பதில் சொன்னது.

கனடாவின் ஒரு டொலர்க் குற்றியில் இருக்கும் பறவை அது. அங்கே முதலில் இருந்தது கனூ. 1935இல் வந்த வெள்ளி டொலருக்குச் சிற்பி இமானுவேல் ஹான் வரைந்த படத்தில் ஒரு வணிகப் படகோட்டியும் ஒரு பூர்வகுடி மனிதரும் ஒரே கனூவில் துடுப்புப் போடுவார்கள். 1987இல் வந்த புதுக் குற்றிக்கும் அதே படம்தான் தீர்மானமாகியிருந்தது. ஒட்டாவாவிலிருந்து வின்னிபெக்குக்கு அனுப்பிய அச்சுகள் வழியில் தொலைந்துபோக, அந்த இடத்தில் லூன் வந்து உட்கார்ந்தது. இரண்டு பேர் போன கனூவைத் தொலைத்துவிட்டுத்தான் இந்த நாடு பறவைக்கு மாறியது என்று சொன்னேன். “எங்கட கனூவைக் கட்டிப்போட்டீங்களோ?” என்று கேட்டாள். எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இரண்டாம் நாள் காலை, “நான் பின்னுக்கு இருக்கிறன்” என்றாள். மறுக்கும் நிலையில் நான் இல்லை. கனூ நேராகப் போனது. முதலில் காற்று இல்லாததால் என்று நினைத்தேன். பிறகு ஆற்றின் போக்கு என்று நினைத்தேன். ஆனால் நாங்கள் போய்க்கொண்டிருந்தது ஆற்றை எதிர்த்து. ஒரு மணி நேரம் கழித்துத்தான் கேட்டேன், என்ன செய்கிறீர் என்று.

“நீங்கள் நேற்று முழுக்க வள்ளத்தின்ர மூக்கைப் பார்த்தனீங்கள். நான் அந்தத் தூரத்துப் பைன் மரத்தைப் பார்க்கிறன்.”

வழிகாட்டி நூல்களிலும் இருக்கிற விஷயம்தான். மூக்கைப் பார்ப்பவர் கனூ திரும்பிய பிறகு திருத்துவார். தூரத்தைப் பார்ப்பவருக்கு அது திரும்ப நினைக்கும்போதே தெரிந்துவிடும். நான் எல்லாப் படத்திலும் மேசனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அவர் எங்கே பார்த்தார் என்று ஒருநாளும் கவனிக்கவில்லை. முன்னால் இருந்ததால் இன்னொன்றும் விளங்கியது. அவளுடைய திருத்தம் எனக்குக் கேட்கவும் இல்லை, உடம்பில் தட்டவும் இல்லை. அப்படியானால் முதல் நாள் என்னுடைய ஒவ்வொரு திருத்தமும் அவள் முதுகில் ஓர் உலுக்கலாக விழுந்திருக்க வேண்டும்.

மதியம் ரெக்கொலே அருவிக்குக் கீழே வந்து சேர்ந்தோம். 1615இல் பிரெஞ்சு ஆய்வுப் பயணி சாம்ப்ளேன் இறங்கி வந்த வழி இது. பிறகு மொன்றியலிலிருந்து சுப்பீரியர் ஏரிக்குத் தோல் வணிகத்துக்குப் போனவர்களின் நெடுஞ்சாலையும் இதுதான். அவர்களுடைய பெரிய கனூ 11 மீட்டர் நீளம். அருவி வந்தால் இறங்கி, தலைக்கு 40 கிலோ மூட்டை இரண்டை ஒரே நடையில் முதுகில் சுமந்து போவார்கள். எங்கள் 20 கிலோவைத் தோளில் ஏற்றி, அருவியோரத்துச் சிறு பாதையைக் கடப்பதற்கே எனக்கு மூச்சு முட்டியது. அந்தக் கனூக்களில் அணியத்தில் நின்று பாறை பார்ப்பவனுக்கும், பின்னால் நின்று திசை பிடிப்பவனுக்கும், நடுவில் உட்கார்ந்து வெறுமனே வலிப்பவர்களைவிடக் கூலி அதிகம். மனைவியிடம் சொன்னேன். எங்கள் கனூவில் நடு ஆட்களே கிடையாது, இருவரும் கூடிய சம்பளக்காரர்கள் என்று அவளுக்குத் திருப்தி.

மூன்றாம் நாள் விடியலில் நீரின்மேல் புகார். தூரத்துப் பைன் மரம் தெரியவில்லை, அவள் எதைப் பார்த்துச் செலுத்தினாளோ தெரியாது. இரண்டு துடுப்பும் இறங்குவது கேட்கவில்லை. துளிகள் மட்டும் கேட்டன, என்னுடையவை இடப்பக்கம், அவளுடையவை வலப்பக்கம். கனூவுக்குப் பின்னால் நீரில் ஒரு கோடு நீண்டு கிடக்கும். அது நேராக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்பதில் முழுப் பயணத்தின் கணக்கும் எழுதியிருக்கும். முன்னால் இருக்கிறவருக்கு அது ஒருபோதும் தெரியாது. எனக்கு ஆசை தாங்கவில்லை.

“நேரா வந்திருக்கிறமோ?” என்று கேட்டுக்கொண்டே கழுத்தைத் திருப்பினேன்.

“திரும்பிப் பாக்காதேங்கோ,” என்றாள். “வள்ளம் ஆடுது.”