சளி மட்டும்தான் எங்களுடையதா?

தாம்பரம் சானடோரியம் 1928இல் வந்தது. காசநோய்க்காரன் ஊரைவிட்டு விலகிக் கிடக்கணும் என்பது அன்றைய வைத்தியம். விலகிக் கிடப்பது நமக்குப் புதுசா என்ன? அந்த நம்பிக்கையை உடைத்தது 1959இல் வெளியான சென்னை ஆய்வறிக்கை. 193 ஏழை நோயாளிகள். பாதிப்பேர் சானடோரியத்தில், பாதிப்பேர் நெருக்கடியான வீட்டில். ஒரே மருந்து, ஓராண்டு. வீட்டிலும் ஏறத்தாழ அதே குணம். கூட இருந்தவர்களுக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை. உலகமே சிகிச்சையை மாற்றிக்கொண்டது.

அறிக்கையைப் பிரதியாக வாசித்தால்? சளி, எக்ஸ்ரே, எடை எல்லாம் கணக்கில் உண்டு. எழுதியவர்களோ நிபுணர்கள் மட்டும். மாத்திரை விழுங்கியவனும் அவனைப் பார்த்துக்கொண்ட வீட்டுப் பெண்களும் வெறும் எண்கள்.

இன்றைக்கும் தாம்பரம், பல்லாவரம் சேரிகளுக்குக் கணக்கெடுக்க வருகிறவர்களுக்குச் சொல்கிறோம்: சளி கேட்டீங்க, கொடுத்தோம். கேள்வியை முடிவு பண்ணும்போதும் எங்களோடு வந்து உட்காருங்க.